மூன்றாம் சுற்றில் எல்லோரும் வாசிக்க வேண்டாம்

கிருஷ்ணகிரி

அன்புள்ள பாப்பாவுக்கு,

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு இருமல் விட்டுவிட்டது. பெங்களூரா மாங்காய் லாரி லாரியாகக் கூழ் ஃபேக்டரிகளுக்குப் போய்க்கொண்டிருப்பதால் ரோட்டைக் கடக்கவே நேரமாகிறது.

சூப்பர் மரியோ கேமின் தண்ணீர்ப் பாட்டை அங்குள்ள ஆர்க்கெஸ்ட்ரா வாசிப்பதற்காக, மூன்று சுற்றாக எழுதி நீ அனுப்பிய ஸ்கோரை, அதாவது எல்லா வாத்தியத்தின் சுரங்களும் சேர்ந்த தாளை, ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்து, ஆடியோவைப் போட்டு, வரி வரியாக விரல் வைத்துக் கேட்டேன். சில இடங்களில் புதுக்கை எழுதியது என்று தெரிகிறது. ஆனால் இரண்டாம் சுற்றில் வயலின்கள் எல்லாம் ஓய்ந்துபோய், கிளாரினெட் மெட்டை எடுத்துக்கொள்ள, பாசூன் என்ற அந்தக் கனத்த குரல் குழல் மட்டும் கீழே கூடவே நடக்கிறதே, அங்கே எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த இடத்தை யாரும் உனக்குச் சொல்லித் தந்திருக்க முடியாது, பாப்பா. மெட்டைக் காது கொடுத்துக் கேட்டவளுக்குத்தான் அது வரும்.

மரியோ தண்ணீருக்குள் போனதும் வரும் அந்த வால்ட்ஸை, மூன்று தட்டு நடன மெட்டை, நீ எடுத்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். நீயும் அண்ணனும் கேசட் போட்டு ஆடும்போது மற்ற பாட்டெல்லாம் துள்ளிக்கொண்டிருக்கும். இது மட்டும் ஒன்று-இரண்டு-மூன்று என்று அசைந்து வரும். இப்போது தேடிப் படித்தேன். 1985-ல் அந்தக் கேமின் இசையமைப்பாளர் கோஜி கோன்டோ இதை எழுதியபோது, கேம் பெட்டியில் அவர் கையில் இருந்தது மொத்தம் ஐந்து ஒலித் தடம். மெட்டுக்கும் துணைக்கும் இரண்டு, கீழ்ச்சுரத்துக்கு ஒன்று, இரைச்சல் மாதிரித் தாள ஒலிக்கு ஒன்று, பதிவு செய்த ஒலித்துண்டுக்கு ஒன்று. அதிலும் அந்தக் கீழ்ச்சுரத் தடத்துக்கு ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் வழியே இல்லை. ஒலிக்கும், இல்லாவிட்டால் நிற்கும், அவ்வளவுதான். அப்படியிருந்தும் தண்ணீர் அசைவது கேட்கிறது என்றால், எந்தச் சுரத்தை எங்கே வைப்பது, எங்கே விடுவது என்பதில்தான் அவர் எல்லாவற்றையும் செய்திருக்கிறார்.

அதனால்தான் உன் மூன்றாம் சுற்றைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. அங்கே எல்லா வாத்தியமும் ஒரே நேரத்தில் இறங்கிவிடுகிறது. ஆள் இருக்கிறார்களே, சும்மா உட்கார வைப்பதா என்று உனக்குத் தோன்றியிருக்கும். நம் கோயில் பாடகர் குழுவிலும் புதிதாகப் பொறுப்பெடுப்பவர்கள் நான்கு குரலையும் முதல் வரியிலிருந்தே பாட விடுவார்கள். அப்புறம் பல்லவி திரும்ப வரும்போது கூட்டுவதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது. ஆல்ட்டோ, அதாவது பெண்களின் கீழ்க்குரல், வரும்வரை காத்திருந்தால்தான் அது வந்தது ஜனங்களுக்குத் தெரியும்.

ட்ரம்பெட்டுக்கு நீ 24 பாருக்கு, அதாவது 24 தாளக் கட்டத்துக்கு, ஓய்வே தரவில்லை. கம்ப்யூட்டர் வாசிக்கும், ஆள் வாசிக்க மாட்டார். நம் தேர்பவனிக்கு வரும் பேண்டு செட்டைப் பார்த்திருக்கிறாய் அல்லவா? ட்ரம்பெட்காரர் நாலு தெரு தாண்டுவதற்குள் வாத்தியத்தை இறக்கி உதட்டைத் தேய்த்துக்கொள்வார், அதுவரை கிளாரினெட் இழுத்துப் பிடிக்கும். மூச்சு ஒரு பக்கம், உதட்டுச் சதை ஒரு பக்கம், இரண்டுமே களைக்கும். புல்லாங்குழலை நடு சி பக்கத்தில் எழுதி, மேலே வயலின் கூட்டத்தையே வைத்திருக்கிறாய். நீ எழுதும் மியூஸ்ஸ்கோர் சாஃப்ட்வேரில் அது தெளிவாகக் கேட்கிறது. நிஜப் புல்லாங்குழலுக்கு அந்த இடத்தில் பலம் கிடையாது, அமுங்கிப் போகும். ஒரு ஸ்தாயி மேலே தூக்கு, இல்லையென்றால் வயலின்களை அங்கே நிறுத்து. எனக்கு நிறுத்துவதுதான் பிடிக்கும்.

இன்னொன்று. ஒவ்வொரு வாத்தியக்காரருக்கும் தனித்தனியாகத் தரும் பார்ட்களைப் பிரின்ட் எடுக்கும் முன், எல்லா வாத்தியத்துக்கும் ஒலிக்கும் சுரத்தையே காட்டும் கான்சர்ட் பிட்ச் பட்டன் அணைந்திருக்கிறதா என்று பார். எஃப் ஹார்னுக்கு ஒலிக்கும் சுரத்திலிருந்து ஐந்தாம் சுரம் மேலே எழுத வேண்டும், பி ஃபிளாட் கிளாரினெட்டுக்கு ஒரு முழுச்சுரம் மேலே. இதைக் கவனிக்காமல் விட்டால் அங்குள்ள ஆர்க்கெஸ்ட்ராக்காரர்கள் உனக்கென்று ஒதுக்கிய நேரம் முழுக்கத் திருத்துவதிலேயே போய்விடும்.

உன் பெரியப்பா கேட்டுவிட்டு, "கேம் பாட்டுக்கா இத்தனை பாடு?" என்றார். ஜப்பானில் டிராகன் குவெஸ்ட் கேமின் பாட்டுகளை, அதற்கு இசையமைத்த கோயிச்சி சுகியாமா 1987-லேயே டோக்கியோவில் ஆர்க்கெஸ்ட்ரா வைத்து மேடையேற்றிவிட்டார் என்று சொன்னேன். அப்புறம் 'பாபா யேத்து' என்ற பாட்டைப் போட்டுக் காட்டினேன். 2005-ல் சிவிலைசேஷன் 4 கேமுக்காகக் கிறிஸ்டோபர் டின் இசையமைத்தது. 2011-ல் கிராமி வாங்கியது, கேமுக்காக எழுதிய இசைக்குக் கிடைத்த முதல் கிராமி அதுதான். பாடியிருப்பது நாம் தினம் சொல்லும் கர்த்தர் கற்பித்த ஜெபம், சுவாஹிலி மொழியில். பெரியப்பா கடைசிவரை அசையாமல் கேட்டார். உன் ஆடியோவை இன்னொரு தரம் போடச் சொன்னார். நீ யாருக்கும் சமாதானம் சொல்லிக்கொண்டிருக்காதே. நல்ல மெட்டு எங்கிருந்து வந்தாலும் நல்ல மெட்டுதான் என்று நான் மனதார நம்புகிறேன்.

முடிவைப் பற்றி மட்டும் உன்னோடு சண்டை போடுவேன். கேம் பாட்டுக்கு முடிவு கிடையாது. ஆடுகிறவன் எவ்வளவு நேரம் ஆடுவானோ யாருக்குத் தெரியும், அதனால் சுற்றிச் சுற்றி வரும்படியே எழுதியிருக்கிறார்கள். மேடையில் அது நின்றாக வேண்டும். நீ சிம்பலை ஓங்கித் தட்டி முடித்திருக்கிறாய். அது வேறு ஏதோ பாட்டின் முடிவு, பாப்பா. இந்தப் பாட்டுக்கு வேண்டியது அந்தக் கேமுக்குள்ளேயே இருக்கிறது. நேரம் 100-க்குக் கீழே இறங்கியதும் எச்சரிக்கை ஒலி வரும், உடனே பாட்டு வேகமெடுக்கும், நீயும் அண்ணனும் கத்துவீர்கள். அதை எடுத்துக்கொள். மூன்றாம் சுற்றில் ட்ரம்பெட்டைச் சும்மா விடு, அது முடிந்ததும் ட்ரம்பெட் அந்த எச்சரிக்கையைச் சொல்லட்டும், இத்தனை நேரம் சும்மா இருந்ததற்கு அப்போது அர்த்தம் வரும். பிறகு வால்ட்ஸ் முழு வேகத்தில் ஒரே ஒரு தரம் ஓடி, சட்டென்று நிற்கட்டும். அந்தக் கேமை ஆடினவர்கள் எல்லோரும் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார்கள். ஆடாதவர்களுக்கும் ஏதோ அவசரம் என்று புரியும்.

ஸ்கோரின் முதல் பக்கத்தில் இசை கோஜி கோன்டோ என்று முதலில் போடு, உன் பெயர் அதற்குக் கீழே வரட்டும். ஒத்திகையில் வாசித்துப் பார்ப்பதைத் தாண்டிக் கச்சேரி வரை போனால், உரிமைக்காரர்களிடம் அனுமதி வாங்குவது யார் பொறுப்பு என்று அங்கே இப்போதே கேட்டு வைத்துக்கொள்.

திருத்தியதை ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு. பூசை முடிந்ததும் நம் கீபோர்டு தம்பியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்கிறேன், ஹார்ன் வரிகளில் அவனுக்கும் ஏதோ சொல்ல இருக்கிறதாம்.

அன்புடன்,
அம்மா