பதினெட்டும் பன்னிரண்டில் பதினொன்றும்: மருமகனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கார்த்திக்,

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். மூன்று வாரம் உட்கார்ந்து ஒட்டி, வண்ணம் தீட்டி முடித்த ஸ்பிட்ஃபயர் போர் விமான மாதிரி, பக்கவாட்டில் இசட்.எக்ஸ். 6 என்ற குறியோடு உன் மேசையின் மேல் அழகாக நிற்கிறது. படத்தோடு நீ கேட்டிருந்த கேள்விதான் என்னை இரண்டு நாளாக விடவில்லை. பெட்டிக்குள் இருந்த சீட்டில் ஸ்தானிஸ்வாவ் ஸ்கால்ஸ்கி போலந்தின் தலைசிறந்த போர் விமானி என்றும், அவர் வீழ்த்திய விமானங்கள் இத்தனை என்றும் சொல்லிவிட்டு 1945-ஓடு நிறுத்திவிட்டார்களே, அதற்குப் பிறகு அந்த மனிதர் என்ன ஆனார் என்று கேட்டிருந்தாய். கைபேசியில் இரண்டு வரியில் பதில் எழுதப் பார்த்தேன், முடியவில்லை. உன்னைப் போலவே விமான மாதிரிகள் செய்கிற வேறு சிலரும் இங்கே வாசிக்கிறார்கள் என்பதால் பொதுவிலேயே எழுதுகிறேன்.

முதலில் அந்த எண்ணிக்கை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, போலந்து விமானி யெர்சி பாயானின் பெயரால் அறியப்படும் குழு தயாரித்த பட்டியலில், ஸ்கால்ஸ்கியின் பெயருக்கு எதிரே 18 என்றும் அதன் பக்கத்தில் 11/12 என்றும் இருக்கிறது. இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு விமானத்தை வீழ்த்தினால் அந்த வெற்றியைப் பங்கு பிரித்து எழுதுவது வழக்கம். அரை, கால், மூன்றில் ஒன்று என்று வந்த பங்குகளைக் கூட்டினால் இப்படி ஒரு பின்னம் மிஞ்சுகிறது. மாகாணி, முந்திரி என்று நுணுக்கமாகப் பின்னங்களுக்குப் பெயர் வைத்த நம் பழைய கணக்குவாய்ப்பாட்டிலும் இதற்குப் பெயர் கிடையாது. மனிதர்கள் செத்த கணக்கைப் பாகப்பிரிவினை போல இவ்வளவு துல்லியமாக எழுதி வைத்திருப்பதைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பும் சங்கடமும் ஒன்றாக வருகின்றன. இந்தக் கணக்கில் வராத ஒரு நாளிலிருந்துதான் அவருடைய போர் தொடங்குகிறது.

1915-இல், அன்றைய ரஷ்யப் பேரரசில் (இன்றைய உக்ரைனில்) இருந்த கோடிமாவில் பிறந்த ஸ்கால்ஸ்கி, டெம்ப்ளின் விமானப்படைப் பள்ளியில் 1938-இல் தேறி, தோருன் நகரத்து 142-ஆவது போர் விமானப் பிரிவில் சேர்ந்தார். அங்கே அவருக்குக் கிடைத்தது பி.இசட்.எல். பி.11சி என்ற போலந்துப் போர் விமானம். விமானியின் தலைக்கு மேல் மூடி இல்லை, சக்கரங்களை உள்ளே மடக்க முடியாது, உச்ச வேகம் மணிக்கு 400 கிலோமீட்டரைத் தொடாது. எதிரே வந்த ஜெர்மானியரின் மெஸ்ஸர்ஷ்மிட் 109 அதைவிட மணிக்கு 150 கிலோமீட்டருக்கும் மேல் வேகமானது. ஜெர்மானியர் போலந்தின் விமானப்படையை முதல் நாளே தரையில் வைத்து அழித்துவிட்டார்கள் என்று இப்போதும் பலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல. போர் தொடங்குவதற்கு முன்பே போர்ப் பிரிவுகளை வயல்வெளிகளில் இருந்த மறைவான தளங்களுக்கு நகர்த்தியிருந்தார்கள், அவை அங்கிருந்துதான் பறந்தன.

1939 செப்டம்பர் 1 அன்று அந்தப் பிரிவினர் ஒரு ஹென்ஷல் 126 வேவு விமானத்தை மடக்கினார்கள். ஸ்கால்ஸ்கியும் தாக்கினார், கடைசியில் அதை வீழ்த்தியவர் மரியான் பிசாரெக். அந்த விமானம் வயலில் விழுந்து கிடந்தபோது ஸ்கால்ஸ்கி தம்முடைய விமானத்தை அதன் அருகிலேயே தரையிறக்கினார். உள்ளே இருந்த ஜெர்மானியர்களின் வரைபடங்களை எடுத்துக்கொண்டார், காயங்களுக்குக் கட்டும் போட்டார். போரின் முதல் நாள், நாட்டின் நகரங்கள் மேல் குண்டுகள் விழுந்துகொண்டிருக்கின்றன, அவருக்கோ இன்னும் இருபத்து நான்கு வயது நிறையவில்லை. வேகமான, நவீனமான விமானம் கையில் இருந்திருந்தால் இதைச் செய்திருக்க முடியாது, கார்த்திக். மெதுவாகப் பறந்து புல்தரையிலும் இறங்கிவிடக்கூடிய பழைய விமானம் என்பதால்தான் எதிரியின் பக்கத்தில் போய் நிற்க முடிந்தது. பி.11-இன் குறைகளைப் பட்டியலிடுகிற கட்டுரைகள் எதிலும் இந்த வரி இருக்காது.

அந்தச் செப்டம்பர் முடிவதற்குள் ஐந்துக்கும் மேற்பட்ட விமானங்களை வீழ்த்தி, அந்தப் போரில் நேச நாடுகளின் முதல் ஏஸ் (ஐந்து விமானங்களையாவது வீழ்த்திய விமானி) என்று பெயர் பெற்றார். 17-ஆம் தேதி கிழக்கிலிருந்து சோவியத் படையும் நுழைந்த பிறகு, ஆயிரக்கணக்கான போலந்து விமானப்படையினரைப் போல அவரும் ருமேனியாவுக்குள் தப்பி, பெய்ரூட், பிரான்ஸ் என்று சுற்றி, 1940 தொடக்கத்தில் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்.

பிரிட்டன் சண்டையில், அதாவது 1940-இல் ஜெர்மன் விமானப்படையை எதிர்த்து பிரிட்டனின் வானத்தில் நடந்த போரில், 145 போலந்து விமானிகள் பறந்தார்கள். அதைப் பற்றி நீயே நிறைய வாசித்திருப்பாய் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்கால்ஸ்கி போலந்துக்காரர்களின் புகழ்பெற்ற 303-ஆவது ஸ்குவாட்ரனில் (விமானப் படைப்பிரிவில்) இல்லை, பிரிட்டிஷாரின் 501-ஆவது ஸ்குவாட்ரனில் ஹரிக்கேன் போர் விமானம் ஓட்டினார். ஆகஸ்ட் கடைசியில் சேர்ந்து, சில நாட்களுக்குள் நான்கு விமானங்களை வீழ்த்திவிட்டு, செப்டம்பர் 5 அன்று தாமே சுடப்பட்டு, கடுமையான தீக்காயங்களோடு பாராசூட்டில் குதித்து, ஆறு வாரம் மருத்துவமனையில் கிடந்தார். அக்டோபர் முடிவதற்குள் மறுபடி வானத்தில் இருந்தார்.

உன் மேசையில் நிற்கும் விமானம் 1943-ஐச் சேர்ந்தது. பதினைந்து பேர் அளவிலான ஒரு சிறு போலந்துக் குழு ஸ்கால்ஸ்கியின் தலைமையில் வட ஆப்பிரிக்காவுக்குப் போய், 145-ஆவது ஸ்குவாட்ரனோடு சேர்ந்து பறந்தது. இசட்.எக்ஸ். என்பது அந்த ஸ்குவாட்ரனின் குறி. மார்ச்சிலிருந்து மே வரை, இரண்டு மாதங்களுக்குள், சுமார் 25 விமானங்களை வீழ்த்தியதால் ‘ஸ்கால்ஸ்கியின் சர்க்கஸ்’ என்ற பெயர் அவர்களுக்கு நிலைத்துவிட்டது. பின்பு, பணக்கார இளைஞர்கள் தொடங்கியதால் ‘லட்சாதிபதிகளின் ஸ்குவாட்ரன்’ என்று அழைக்கப்பட்ட 601-க்கு, நாடிழந்த இந்தப் போலந்துக்காரரைத் தலைவராக்கினார்கள். 1944-இல் நார்மண்டிப் படையிறக்கத்தின்போது மஸ்டாங் விமானங்கள் கொண்ட போலந்து விங் (பல ஸ்குவாட்ரன்கள் சேர்ந்த அணி) ஒன்றை வழிநடத்தினார். பிறகு அமெரிக்காவில் கான்சஸின் ஃபோர்ட் லெவன்வொர்த்தில் படைத்தலைமைப் படிப்பு. உன் சீட்டு முடிகிற இடம் இதுதான்.

1945 ஜூலையில் பிரிட்டன், லண்டனில் இருந்த போலந்து அரசுக்கான அங்கீகாரத்தை விலக்கி, சோவியத்தின் நிழலில் வார்சாவில் அமைந்த அரசை ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டு ஜூன் 8 அன்று லண்டனில் வெற்றி அணிவகுப்பு நடந்தபோது, பிரிட்டிஷ் தலைமையின்கீழ்ப் போரிட்ட போலந்துப் படைகளில் விமானிகள் 25 பேருக்கு மட்டும் அழைப்பு வந்தது. தரைப்படைத் தோழர்களை விட்டுவிட்டு வர மாட்டோம் என்று அவர்களும் மறுத்துவிட்டார்கள். வென்ற பக்கத்தில் நின்றும் வீடு திரும்ப முடியாதவர்கள் ஆனார்கள் அந்த மனிதர்கள்.

ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழி தேடினார்கள். பிரிட்டன் சண்டையில் 303-க்குத் தலைமை தாங்கியவர்களில் ஒருவரான வித்தோல்ட் உர்பனோவிச் 1946-இல் போலந்துக்குப் போய்ப் பார்த்தார். பாதுகாப்புத் துறையினர் கைது செய்து விடுவித்தபின் அமெரிக்காவில் குடியேறினார். அதே 303-இன் யான் சும்பாக் கடத்தல் தொழிலில் இறங்கி, பிறகு ஆப்பிரிக்காவில் தனிநாடு கேட்டுப் பிரிந்த கடாங்காவிலும் பியாஃப்ராவிலும் கூலிக்குப் போர் விமானம் ஓட்டினார். ஸ்கால்ஸ்கி 1947-இல் வார்சாவுக்குத் திரும்பினார்.

ஏன் திரும்பினார் என்று நீ அடுத்துக் கேட்பாய். நாட்டுப்பற்று என்று ஒரே சொல்லில் முடிப்பவர்களும் உண்டு, ஏமாளித்தனம் என்பவர்களும் உண்டு. இரண்டுமே போதாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பிரிட்டனிலேயே நின்றிருந்தால், தமக்கென்று படையில்லாத ஒரு தளபதியாக, மறுகுடியமர்வு முகாமில் வேறு பிழைப்புக்குப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். ஊருக்குப் போனால் விமானம் இருக்கிறது, கற்றுக்கொடுக்க இளைஞர்கள் இருக்கிறார்கள். பறப்பதைத் தவிர வேறொன்றும் பழகாத முப்பத்தோரு வயதுக்காரருக்கு அது சிறிய காரணம் அல்ல. திரும்பியவுடன் விமானப்படைத் தலைமையகத்தில் வேலையும் கிடைத்தது.

ஓராண்டுதான். 1948 ஜூன் 4 அன்று பாதுகாப்புத் துறையினர் அவரைக் கைது செய்தார்கள். மேற்கத்திய நாடுகளுக்கு உளவு பார்த்தார் என்பது குற்றச்சாட்டு, முழுக்க ஜோடிக்கப்பட்டது. வார்சாவின் மோகோதூவ் சிறையில் சித்திரவதையோடு விசாரணை நடந்தது. 1950 ஏப்ரல் 7 அன்று மரண தண்டனை விதித்தார்கள். அது பின்னர் ஆயுள் தண்டனையானது. ராவிச், வ்ரோங்கி சிறைகளில் ஆண்டுகள் போயின. இவ்வளவும் ஜெர்மானியர் செய்ததல்ல. எந்த நாட்டுக்காகத் தீயில் வெந்தாரோ அந்த நாட்டின் பெயராலேயே தீர்ப்பு வாசிக்கப்பட்டது.

இதிலும் அவர் அதிர்ஷ்டசாலிகளில் ஒருவர் என்பதுதான் கொடுமை. 305-ஆவது குண்டுவீச்சு ஸ்குவாட்ரனின் தலைவராக இருந்து, 1941-இல் சுடப்பட்டு, போர் முடியும்வரை ஜெர்மானியரிடம் கைதியாக இருந்த ஷ்செபான் ஷ்சிபியோரும் நாடு திரும்பி, ஸ்கால்ஸ்கி படித்த அதே டெம்ப்ளின் பள்ளிக்குத் தலைவரானார். அவரையும் வேறு சில விமானப்படை அதிகாரிகளையும் 1952 ஆகஸ்ட் 7 அன்று மோகோதூவில் கொன்றுவிட்டார்கள். 1956-இல் அவர் குற்றமற்றவர் என்று அறிவித்தார்கள்.

அதே 1956-இல், ஸ்டாலினின் குற்றங்களை மாஸ்கோவே வாய்விட்டுச் சொல்லத் தொடங்கிய பிறகு, ஏப்ரலில் ஸ்கால்ஸ்கி விடுதலையானார். நாற்பது வயது, எட்டு ஆண்டுச் சிறை. வெளியே வந்து அதே விமானப்படையில் மறுபடி சேர்ந்தார், ஜெட் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார். இந்த இடத்தில் நான் எப்போதும் தடுமாறுகிறேன், அவர் தடுமாறியதாகத் தெரியவில்லை. மறு ஆண்டே 1939-ஆம் ஆண்டுப் போரைப் பற்றிய நினைவுநூல் வெளிவந்தது. பின்னாளில் நாட்டின் விமானக் கழகத்துக்குப் பொதுச் செயலாளராக இருந்து 1972-இல் ஓய்வு பெற்றார். ஜெனரல் பதவி 1988-இல்தான், அதுவும் ஓய்வு பெற்றுப் பதினாறு ஆண்டு கழித்து வந்தது. 2004 நவம்பர் 12 அன்று, எண்பத்தொன்பதாவது பிறந்தநாளுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது வார்சாவில் காலமானார்.

இடையில் 1990-இல் ஒரு சந்திப்பு நடந்தது. முதல் நாள் வயலில் விழுந்த அந்த ஹென்ஷலில் இருந்தவர்களில் ஒருவரான ஃப்ரீட்ரிக் விம்மரும் ஸ்கால்ஸ்கியும், ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு, கிழவர்களாக நேரில் பார்த்துக்கொண்டார்கள். பதினெட்டையும் பன்னிரண்டில் பதினொன்றையும் அவ்வளவு கவனமாகக் கூட்டிய பட்டியலில் விம்மரின் விமானம் பிசாரெக்கின் பெயரில் இருக்கிறது. ஸ்கால்ஸ்கியின் கணக்கில் அதற்கு ஒரு பின்னம்கூட இல்லை.

அடுத்து என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தாய் அல்லவா? பி.11சி செய். மேலே காக்கிப் பச்சை, அடியில் வெளிர்நீலம். பறக்கிற நிலையில் கம்பியில் தொங்கவிடாமல் புல்தரையில் நிற்பதாக வை. சக்கரங்கள் மடங்காதவை என்பதால் உனக்கு அந்த வேலை மிச்சம்.

அன்புடன்,
மாமா