வீட்டு வரி எப்படிக் கணக்கிடப்பட்டது என்பதைச் சீட்டிலேயே அச்சிட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அரையாண்டு பிறந்து முப்பது நாள்களுக்குள் சொத்து வரி செலுத்துவோருக்கு 5 சதவீத ஊக்கத்தொகை உண்டு என்பதால், ஏப்ரலிலும் அக்டோபரிலும் முதல் வேலையாக வரியைக் கட்டி ரசீதைப் பத்திரப்படுத்துவது எங்கள் வீட்டு வழக்கம். வரி கட்டுவதில் எனக்கு மனக்குறை இல்லை. ஃபுளோரைடு கலந்த நிலத்தடி நீரைக் குடித்துப் பல்லில் கறையேறிய தலைமுறையைச் சேர்ந்தவன் நான். 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கப்பட்டுக் காவிரி நீர் வந்தபோது அடைந்த நிம்மதியை இன்றும் மறக்கவில்லை. பொதுப் பணிகளுக்குப் பணம் வேண்டும் என்பது எனக்குப் புரிகிறது. அந்தப் பணம் எந்தக் கணக்கில் கேட்கப்படுகிறது என்பது மட்டும் புரியவில்லை.

2022 ஏப்ரலில் அரசு அறிவித்த பொதுச் சீராய்வில், நகராட்சிகளில் 600 சதுர அடி வரையிலான குடியிருப்புகளுக்கு 25 சதவீதமும், 601 முதல் 1,200 வரை 50 சதவீதமும், 1,201 முதல் 1,800 வரை 75 சதவீதமும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 100 சதவீதமும் வரி உயர்த்தப்பட்டது. சிறு வீடுகளுக்குச் சலுகை காட்டியது நியாயமே. ஆனால், அரையாண்டுக்கு 600 ரூபாய் கட்டிவந்த இரண்டு வீடுகளில் ஒன்று 600 சதுர அடியாகவும் மற்றொன்று 610 சதுர அடியாகவும் இருந்தால், முதல் வீட்டுக்கு 750 ரூபாய், அடுத்த வீட்டுக்கு 900 ரூபாய். துணி துவைக்கும் இடத்துக்குச் சுவர் எழுப்பியதால் கூடிய பத்து சதுர அடிக்கு ஆண்டுக்கு 300 ரூபாய் அதிகம். வரம்பைத் தாண்டிய பரப்புக்கு மட்டும் கூடுதல் வீதம் விதித்திருந்தால் இந்தப் பாரபட்சம் நேர்ந்திருக்காது. அதோடு, ஏற்கெனவே இருந்த வரியின் மீதே உயர்வு ஏற்றப்பட்டதால், எப்போதோ எடுத்த அளவில் பிழை இருந்திருந்தால் அந்தப் பிழையும் சேர்ந்தே பெருகியிருக்கும்.

மாநில உற்பத்தி வளர்ச்சிக்கு ஈடாகச் சொத்து வரி வசூலும் வளர வேண்டும் என்பதை 15ஆவது மத்திய நிதிக்குழு, நகர உள்ளாட்சிகளுக்கான மானியத்துக்கு நிபந்தனையாக வைத்தது. ஆகவே உயர்வு இத்துடன் நிற்கப்போவதில்லை. அப்படியிருக்க, வரிக் கேட்புச் சீட்டில் கட்ட வேண்டிய தொகையோடு, அளவிட்ட பரப்பு, வரி விகிதத்துக்காகத் தெரு எந்த மண்டலத்தில் சேர்க்கப்பட்டுள்ளது, கட்டடத்தின் வயது, பயன்பாடு ஆகியவற்றையும் அச்சிட்டுத் தருவதில் என்ன தடை இருக்க முடியும்? வாடகைக்குக் குடியிருப்போருக்கும் இது உதவும். வரி கூடிவிட்டது என்று சொல்லி வாடகையை உயர்த்தும்போது, கூடியது எவ்வளவு என்று அவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களில்தான் வார்டு குழுக்களை அரசமைப்புச் சட்டம் கட்டாயமாக்குகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி போன்ற 33 வார்டு நகராட்சிகளில் மக்கள் நேரில் கேள்வி கேட்பதற்கு, 2022இல் மாநில அரசு விதி வகுத்த, வார்டின் ஒவ்வொரு பகுதி வாக்காளர்களும் கூடும் பகுதி சபைகளே வழி. அச்சபைகளைத் தவறாமல் கூட்டி, தெருவாரியாக வீட்டு அளவுகளையும் வரியையும் அங்கே ஒட்டிவைத்து, பிழை இருப்பதாகச் சொல்பவரின் வீட்டை அடுத்த அரையாண்டுக்குள் மறு அளவீடு செய்ய நகராட்சி நிர்வாகத் துறை உத்தரவிட வேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
குமாரசாமிப்பேட்டை, தருமபுரி.