மாலதிக்கு, குடியுரிமை விஷயமாக

அன்புள்ள மாலதி,

நலம்தானே? அப்பா இப்போது எப்படி இருக்கிறார்? ஆஸ்திரேலியாவிலிருந்து நீ எழுதிய கடிதத்துக்கு உடனே பதில் எழுதியிருக்க வேண்டும். விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு எழுதலாம் என்று தள்ளிப்போட்டேன். போன வாரம் அனுப்பியாயிற்று. ஆமாம், கனடா குடியுரிமைக்குத்தான். இப்போதைக்கு நான் மட்டும். தேர்வும் மொழிச் சான்றும் 18 முதல் 54 வயது வரை உள்ளவர்களுக்குத்தான் என்று தெரிந்ததிலிருந்து, "55 ஆகட்டும், பரீட்சை இல்லாமலே வாங்கிக்கொள்கிறேன்" என்று வீட்டுக்காரர் நிம்மதியாக உட்கார்ந்துவிட்டார். கல்லூரியிலும் இப்படித்தான் இருந்தாராம்.

"பி.ஆர்., அதாவது நிரந்தரமாகத் தங்கும் உரிமை, கையில் இருக்கும்போது என்ன குறைச்சல், எதற்கு நம் பாஸ்போர்ட்டை விட வேண்டும்?" என்று கேட்டிருந்தாய். பல வருடம் நானும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். வேலை, வைத்தியம், பிள்ளைகள் படிப்பு, எதிலும் குறை இல்லை. ஓட்டு மட்டும் கிடையாது. அதற்காக மனம் மாறியிருப்பேனா என்றால் சந்தேகம்தான்.

மாறியது அம்மாவால். போன வருடம் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்ததைச் சொன்னேன் இல்லையா? ஆபரேஷன் முடிந்து, பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்த சமயத்தில் தம்பி கேட்டான்: "ஒரு ரெண்டு வருஷம் இங்கேயே இருந்துட்டுப் போயேன்." சாதாரணமாகத்தான் கேட்டான். எனக்கு உடனே ஓடியது 730 நாள் கணக்கு. எந்த ஐந்து வருடத்தை எடுத்தாலும் அதில் 730 நாள் கனடாவில் இருந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பி.ஆர். போகலாம் என்பது இங்கே விதி. அந்தக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு அதற்கு முன் போய்வந்த பயணங்களை எல்லாம் மனசுக்குள் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன். எனக்கே என் மேல் எரிச்சல் வந்தது.

குடிமகளாகிவிட்டால் இந்தக் கணக்கு கிடையாது. எத்தனை வருடம் வெளியே இருந்தாலும் திரும்பி வரலாம். அந்தப் பக்கம் ஓ.சி.ஐ. கார்டு (வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) இருந்தால் இந்தியாவில் எவ்வளவு காலம் வேண்டுமானாலும் தங்கலாம், ஆயுளுக்கும் விசா வேண்டாம், போலீஸில் பதிவு செய்ய வேண்டாம். ஆக, இந்தியப் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு அம்மாவோடு இரண்டு வருடம் இருக்க எனக்குத் தைரியம் இல்லை. அதைக் கொடுத்துவிட்டால் இருக்கலாம். இந்தக் கூத்தை யாரிடம் போய்ச் சொல்வது! ஆனால் இதுதான் உண்மை, நான் விண்ணப்பித்ததற்குக் காரணமும் இது ஒன்றுதான்.

விண்ணப்பத்தில் பெரிய வேலை எது தெரியுமா? நாள் எண்ணுவது. கடைசி ஐந்து வருடத்தில் 1095 நாள் இங்கே இருந்ததைக் காட்ட வேண்டும். ஒவ்வொரு பயணத்துக்கும் கிளம்பிய தேதி, திரும்பிய தேதி. கனடாவிலிருந்து கிளம்பும்போது முத்திரை குத்துவதே இல்லை. பாஸ்போர்ட்டில் இருப்பது நம் ஊர் விமான நிலையத்தில் குத்தியது. அது இறங்கிய தேதி, இங்கிருந்து ஏறியது அதற்கு ஒரு நாளோ இரண்டு நாளோ முன்னால். சில முத்திரைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, மூன்றா எட்டா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டியிருந்தது. கடைசியில் பழைய மின்னஞ்சல்களில் டிக்கெட்டுகளைத் தோண்டி எடுத்துத்தான் முடித்தேன். கிளம்பிய நாளும் திரும்பிய நாளும் இங்கே இருந்ததாகவே கணக்கு, அது ஒரு ஆறுதல். பி.ஆர். வருவதற்கு முன் வேலை விசாவிலோ படிப்பு விசாவிலோ இருந்த நாள் அரை நாளாகச் சேரும், அதுவும் அதிகபட்சம் 365 வரை. அப்புறம், கடைசி நான்கு வருடத்தில் வேறொரு நாட்டில் தொடர்ந்து 183 நாள் இருந்திருந்தால் அங்கிருந்து காவல்துறைச் சான்றிதழ் வேண்டும். நான் அதற்குள் திரும்பிவிட்டதால் தப்பித்தேன்.

தேர்வைப் பற்றிப் பயம் இல்லை. இருபது கேள்வி, பதினைந்து சரியாக இருக்க வேண்டும், 45 நிமிடம். மகள் தினமும் சாப்பாட்டு மேஜையில் கேள்வி கேட்கிறாள்: கனடா கூட்டாட்சி ஏற்பட்ட வருடம் 1867, முதல் உலகப் போரில் கனடாப் படை வென்ற விமி முகட்டுப் போர் 1917. உறுதிமொழிதான் கொஞ்சம் உறுத்துகிறது. மூன்றாம் சார்லஸ் மன்னருக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் விசுவாசமாக இருப்பேன் என்று சொல்ல வேண்டும். 1950-இல் குடியரசான நாட்டில் பிறந்துவிட்டு இந்த வயதில் ராஜ விசுவாசம்! 2021-இலிருந்து பூர்வகுடிகளின் உரிமைகளையும் உறுதிமொழியில் சேர்த்திருக்கிறார்கள், அந்த வரியை மனதாரச் சொல்வேன். உனக்கு இந்தச் சங்கடம் இல்லை. ஆஸ்திரேலியாவில் 1994-லேயே உறுதிமொழியிலிருந்து அரசியின் பெயரை எடுத்துவிட்டார்கள், நாட்டுக்கும் மக்களுக்கும் மட்டும்தான் உறுதிமொழி.

இழப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1955-ஆம் வருடச் சட்டப்படி, இன்னொரு நாட்டுக் குடியுரிமையை நாமாக விரும்பி வாங்கிய அந்தக் கணமே இந்தியக் குடியுரிமை போய்விடும். அப்புறம் பழைய பாஸ்போர்ட்டில் பயணம் செய்தால் அபராதம், அதை ஒப்படைத்துச் சான்று வாங்க வேண்டும். ஓ.சி.ஐ. வைத்து ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது. நிலம் வாங்குகிற உத்தேசம் நம் இருவருக்குமே இல்லை. ஓட்டு? வெளிநாட்டில் இருக்கும் இந்தியர் பட்டியலில் பெயர் சேர்க்கலாம், ஆனால் நேரில் போய்த்தான் போட வேண்டும். நீ கடைசியாக எப்போது போட்டாய், சொல்லு பார்ப்போம். நான் போட்டது கல்யாணத்துக்கு முன்னால்.

இப்போது உன் விஷயம். அப்பாவோடு நான்கு மாதம் இருக்கப் போவதாக எழுதியிருக்கிறாய், அங்கேதான் இடிக்கிறது. உங்கள் விதிப்படி நான்கு வருடம் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும், கடைசி ஒரு வருடம் நிரந்தரவாசியாக. நான்கு வருடத்தில் மொத்தம் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே இருக்கக்கூடாது, விண்ணப்பத்துக்கு முந்தைய ஒரு வருடத்தில் 90 நாளுக்கு மேல் கூடாது. நான்கு மாதம் இருந்துவிட்டு வந்தால் அந்த 90 தாண்டிவிடும், மறுபடி காத்திருக்க வேண்டும். கணக்கு இப்போது சரியாக இருந்தால் விண்ணப்பத்தைப் போட்டுவிட்டுப் போ. நேர்காணல், தேர்வு, முடிவு வரும் சமயம் எல்லாவற்றுக்கும் அங்கே இருக்க வேண்டும் என்பதையும் பார்த்துக்கொள். உன் பி.ஆர். விசாவில் பயண அனுமதி ஐந்து வருடத்துக்குத்தான், அந்தத் தேதியையும் பார். அது முடிந்தபின் வெளியே போனால் திரும்பி வரத் தனி விசா வேண்டும்.

இன்னொன்று. குடியுரிமை வாங்கிய நாளுக்கும் ஓ.சி.ஐ. கையில் வருவதற்கும் நடுவே ஒரு இடைவெளி இருக்கிறது. பழைய பாஸ்போர்ட் செல்லாது, புதியது வர வேண்டும், அது வந்தாலும் ஓ.சி.ஐ. வரும்வரை இந்தியாவுக்குப் போக விசா எடுத்தாக வேண்டும். அந்தச் சமயத்தில் ஊரிலிருந்து போன் வந்தால் என்ன செய்வது என்பதுதான் எனக்கு இப்போது இருக்கும் ஒரே கவலை. அதனால் அம்மாவை டிசம்பரிலேயே ஒருமுறை பார்த்துவிட்டு வரப் போகிறேன்.

நீ எந்தத் தேதியில் கிளம்புகிறாய்? டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் எழுது. டிசம்பரில் நீயும் அங்கே இருந்தால் இரண்டு நாளாவது சேர்ந்து இருக்கலாம்.

அன்புடன்,
வசந்தி