என் ஓட்டு ஏன் வாரனுக்கு

வூஸ்டர், மாசசூசெட்ஸ்
23 பிப்ரவரி 2020

அன்புள்ள யாழினி,

ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் யார் என்ற போட்டியில் நேற்று இரவு நெவாடா முடிவு வந்ததும் நீ அனுப்பிய செய்தியைப் பார்த்தேன். "பெர்னி ஜெயித்துவிட்டார், உன் ஆள் நான்காவது இடம், இனிமேலாவது விட்டுவிடு அம்மா" என்று எழுதி, பக்கத்தில் சிரிக்கும் பொம்மை வேறு. விடுவதாக இல்லை. போனில் பேச ஆரம்பித்தால் பாதியிலேயே உனக்கு வேறு அழைப்பு வந்துவிடுகிறது. அதனால் எழுதுகிறேன். சாவகாசமாக உட்கார்ந்து படி.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மற்ற வேட்பாளர்களைப் பற்றி இந்தக் கடிதத்தில் ஒரு குறையும் இருக்காது. பெர்னி சாண்டர்ஸ் மேல் எனக்கு மரியாதை உண்டு. அவர் அதிபரானால் நான் அழப்போவதில்லை. ஆனால் அடுத்தவரை மட்டம் தட்டித்தான் நம் ஆளை உயர்த்த முடியும் என்றால் நம் ஆளிடம் சரக்கு இல்லை என்று அர்த்தம். மாசசூசெட்ஸ் செனட்டர் எலிசபெத் வாரனிடம் சரக்கு இருக்கிறது.

கட்சி வேட்பாளரை வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் இந்த பிரைமரி விஷயத்தை நீ விளையாட்டாக எடுத்துக்கொள்வதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நீ இங்கே பிறந்தவள், உனக்கு அது சாதாரணம். மதுரையில் நான் வளர்ந்தபோது தேர்தலுக்கு முன் கட்சிக்காரர்கள் விருப்ப மனு கொடுப்பார்கள், நேர்காணலுக்குப் போவார்கள். பிறகு ஒரு நாள் காலைப் பத்திரிகையில் பட்டியல் வரும். நம் தொகுதிக்கு யார் என்று அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம். உள்ளூரில் இருபது வருடம் உழைத்தவர் பெயர் இருக்காது. எங்கிருந்தோ வந்தவர் பெயர் இருக்கும். ஓட்டு நம் கையில், ஆளைத் தேர்ந்தெடுப்பது தலைமையின் கையில். இங்கே அந்த முதல் வேலையையே நம்மிடம் விட்டிருக்கிறார்கள். யார் ஜெயிப்பார் என்று ஊகித்து அவர் பின்னால் போய் நிற்பதற்கு நம்மை எதற்குக் கேட்கவேண்டும்?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நான் எங்கே வேலை பார்க்கிறேன் என்பது உனக்குத் தெரியும். என்ன வேலை என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை. திவால் வழக்குகள் நடத்தும் வக்கீல் அலுவலகத்தில் காகிதம் அடுக்குகிற வேலை. வருகிறவர்களில் நிறையப் பேர் ஒரு பிளாஸ்டிக் பையோடு வருவார்கள். கடையில் காய்கறி போட்டுக் கொடுக்கும் பைதான். உள்ளே பிரிக்காத உறைகள். மருத்துவமனை, கடன் அட்டை, வசூல் நிறுவனம், மறுபடி மருத்துவமனை. மாதக்கணக்காகப் பிரிக்கப் பயந்து சேர்த்து வைத்தவை. என் மேசையில் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்கள். நான் ஒவ்வொன்றாகப் பிரித்து, தேதிவாரியாக அடுக்கி, கூட்டுவேன். அடுக்கி முடித்ததும் கதை தானாகத் தெரிந்துவிடும். இந்த மாதம் வரை எல்லாம் ஒழுங்காகக் கட்டியிருக்கிறார், அடுத்த மாதம் முதுகு அறுவை சிகிச்சை, அதற்கடுத்த மாதத்திலிருந்து ஒன்றும் கட்டவில்லை. தச்சர், பள்ளி பஸ் ஓட்டுநர், ஒரு தடவை பல் மருத்துவரே கூட. ஊரில் ஒருவன் மஞ்சள் கடிதாசி கொடுத்துவிட்டான் என்றால் ஏமாற்றிவிட்டான் என்றுதான் பேசுவோம். இந்தப் பைகளைப் பார்த்தவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள்.

வாரனும் அப்படிப் பேசியவர்தான். 1980களின் தொடக்கத்தில், இளம் சட்டப் பேராசிரியையாக, திவால் மனு போடுகிறவர்களில் பெரும்பாலோர் ஏய்க்கிறவர்கள் என்று நிரூபிக்கக் கிளம்பியதாக அவரே சொல்லியிருக்கிறார். இன்னும் இரண்டு பேராசிரியர்களோடு சேர்ந்து டெக்சாஸ், இல்லினாய், பென்சில்வேனியா நீதிமன்றங்களுக்குப் போய், ஒரு நகலெடுக்கும் இயந்திரத்தையும் கூடவே கொண்டுபோய், மனுக்களைக் கட்டுக் கட்டாக நகல் எடுத்து எண்ணிப் பார்த்தார். ஏமாற்றுக்காரர்களைத் தேடிப் போன இடத்தில் கண்டது வேலை போனவர்களையும் நோய் வந்தவர்களையும் மணமுறிவு ஆனவர்களையும்தான். படித்தவர்கள், சொந்த வீடு உள்ளவர்கள், நம்மைப் போன்றவர்கள். அவர் எண்ணத்தை மாற்றிக்கொண்டார். 1990களின் நடுப்பகுதி வரை குடியரசுக் கட்சியில் பதிவு செய்திருந்தவர், கட்சியையும் மாற்றிக்கொண்டார். தொலைக்காட்சியில் இதைக் குத்திக்காட்டுகிறார்கள். எனக்கோ அவரிடம் மிகவும் பிடித்தது இதுதான். தன் கண்ணால் பார்த்த காகிதத்தை நம்பி, தான் கொண்டுபோன முடிவைத் தூக்கிப் போடுகிற அரசியல்வாதியை நீ எத்தனை பேரைப் பார்த்திருக்கிறாய்?

அதன்பின் திவால் சட்டத்தைக் கடுமையாக்கும் மசோதாவை எதிர்த்துப் பல ஆண்டுகள் போராடினார். 2005இல் அது சட்டமாகிவிட்டது. இன்று என் மேசைக்கு வருகிறவர் மனு போடுவதற்கு முன்பே கடன் ஆலோசனை வகுப்பு முடித்த சான்றிதழ் கொண்டுவரவேண்டும், வருமானச் சோதனைக் கணக்கு நிரப்பவேண்டும், அறுபது நாள் சம்பளச் சீட்டு காட்டவேண்டும். வேலை போனவரிடம் சம்பளச் சீட்டு கேட்பது எனக்கு இன்னும் கூச்சமாக இருக்கிறது. அந்த மசோதாவுக்கு செனட்டில் யார் யார் கை தூக்கினார்கள் என்பதை நீயே தேடிப் பார். குறை எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

தோற்ற பிறகு அவர் என்ன செய்தார் என்பதைப் பார். 2007இல் ஒரு கட்டுரை எழுதினார். ரொட்டி சுடும் டோஸ்டர், ஐந்தில் ஒன்று தீப்பிடிக்கும் என்றால் அதைக் கடையில் விற்க விடமாட்டார்கள். ஐந்தில் ஒரு குடும்பத்தை நடுத்தெருவில் நிறுத்தும் வீட்டுக் கடனை மட்டும் ஏன் விற்க விடுகிறார்கள் என்பதுதான் அவர் கேள்வி. கடனைக் கண்காணிக்கத் தனி அமைப்பு வேண்டும் என்றார். மறு வருடமே வீட்டுக் கடன் சந்தை சரிந்து நாடே ஆட்டம் கண்டது. 2010இல் சட்டம் வந்தது, 2011 ஜூலையில் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு கதவைத் திறந்தது. அதை ஆள் பிடித்து, அறை பிடித்து, எழுப்பிக் கொடுத்தது வாரன். தலைவராக மட்டும் அவரை வரவிடமாட்டோம் என்று செனட்டில் குடியரசுக் கட்சியினர் மல்லுக்கட்டினார்கள். சரி என்று ஊருக்குத் திரும்பி, 2012இல் தேர்தலில் நின்று ஜெயித்து, அதே செனட்டின் வங்கிக் குழுவில் அவர்களோடு போய் உட்கார்ந்தார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

அந்த அமைப்பு இதுவரை மக்களுக்குத் திருப்பி வாங்கிக் கொடுத்தது ஏறத்தாழ 1,200 கோடி டாலர். அவ்வளவு பெரிய தொகை மனதில் நிற்காது, எனக்கும் நிற்பதில்லை. அதனால் ஒரு தாளைச் சொல்கிறேன். நீயும் ஒரு நாள் வீடு வாங்குவாய். கையெழுத்துப் போடும் நாளுக்கு மூன்று வேலை நாள் முன்னதாக உனக்கு ஐந்து பக்கத் தாள் வரும். முதல் பக்கத்தில் கடன் தொகை, வட்டி, மாதத் தவணை. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கேள்வி: இந்தத் தொகை பின்னால் கூடுமா? பதில் கொட்டை எழுத்தில், ஆம் அல்லது இல்லை. முன்கூட்டிக் கட்டினால் அபராதம் உண்டா? ஆம், இல்லை. கடைசியில் மொத்தமாகப் பெருந்தொகை கட்டவேண்டுமா? ஆம், இல்லை. 2015 அக்டோபரிலிருந்து இந்தத் தாள் இல்லாமல் வழக்கமான வீட்டுக் கடன் எதுவும் முடிவதில்லை. அந்த அமைப்பு செய்தது அது. 2008க்குப் பிறகு எங்கள் அலுவலகத்துக்கு வந்தவர்களிடம் தவணை பின்னால் கூடுமா என்ற அந்த ஒரு கேள்விக்கு ஒரு சொல்லில் யாராவது பதில் சொல்லியிருந்தால் பாதிப் பேர் வந்திருக்கவே மாட்டார்கள். அவர் "திட்டம் இருக்கிறது" என்று சொல்வதைக் கிண்டல் செய்கிறாயே, திட்டம் என்றால் கடைசியில் இப்படி ஒரு தாளாகி ஒருத்தர் கைக்கு வரவேண்டும். அவர் ஒரு தடவை அதைச் செய்து காட்டியிருக்கிறார்.

இப்போதைய திட்டங்களில் எல்லாவற்றையும் நான் சொல்லப்போவதில்லை. அவருடைய இணையதளத்தில் கொட்டிக் கிடக்கிறது. ஐந்து கோடி டாலருக்கு மேல் சொத்துள்ளவர்கள், அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு டாலருக்கும் ஆண்டுக்கு இரண்டு சென்டாவது வரி கட்டவேண்டும் என்கிறார். அந்தப் பணத்தில் குழந்தைக் காப்பகம், கல்விக் கடன் தள்ளுபடி. காப்பகத்துக்கு எந்தக் குடும்பமும் வருமானத்தில் ஏழு சதவீதத்துக்கு மேல் கொடுக்க வேண்டியிருக்காது. நீ பிறந்தபோது நம் வீட்டில் என்ன நடந்தது என்று அப்பாவைக் கேள். ஆச்சி ஆறு மாத விசாவில் வந்தார், அவர் போனதும் அப்பத்தா ஆறு மாதம், பிறகு மறுபடி ஆச்சி. மதுரையிலிருந்தும் காரைக்குடியிலிருந்தும் முறை வைத்து வந்து உன்னை வளர்த்தார்கள். அந்த விசா ஒரு தடவை மறுக்கப்பட்டிருந்தால் நான் வேலையை விட்டிருப்பேன்.

ஹூஸ்டனில் வாரனுக்கும் அதே கதைதான். இரண்டு குழந்தைகள், புது வேலை, காப்பகம் சரியில்லை. ஓக்லஹோமாவில் இருந்த பெரியம்மாவிடம் போனில் அழுதிருக்கிறார். பீ என்ற அந்தப் பெரியம்மா ஏழு பெட்டிகளோடும் ஒரு நாய்க்குட்டியோடும் வந்து இறங்கி, பதினாறு வருடம் தங்கிவிட்டார். எல்லோருக்கும் ஒரு பெரியம்மா வாய்ப்பதில்லை என்பதால்தான் காப்பகத் திட்டம் என்று அவர் மேடையில் சொல்லும்போது எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

உன் ஆட்சேபணைகளுக்கு வருகிறேன். தன்னை அமெரிக்கப் பூர்வகுடி வம்சம் என்று சொல்லிக்கொண்டது தவறு. மன்னிப்புக் கேட்டுவிட்டார், அதற்கு மேல் நான் வாதாடப் போவதில்லை. மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்குப் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு முதலில் நழுவினார், பிறகு கணக்கைப் போட்டு வெளியிட்டார். அந்தக் கணக்கு முழுக்கத் தேறுமா என்பதில் எனக்கும் சந்தேகம் உண்டு. ஆனால் கணக்கை வெளியே வைத்தவரிடம்தான் கணக்குத் தவறு என்று சொல்ல முடியும்.

மூன்றாவது, "பெண் ஜெயிக்க முடியாது". இதை நீயே உன் வாயால் சொல்லவில்லை, உன் தோழிகள் சொல்வதாகச் சொன்னாய். எங்கள் மாநிலத்தில் ஒரு பெண் ஆறு முறை முதலமைச்சராகப் பதவியேற்றார். அந்த ஆட்சிகளைப் பற்றி அப்பாவும் நானும் இன்றைக்கும் சண்டை போடுவோம், அது வேறு. ஆனால் பெண் என்பதால் ஜெயிக்க முடியாது என்று எங்கள் தெருவில் யாரும் சொல்லவில்லை. அடுத்தவர்கள் போட மாட்டார்கள் என்று நாம் போடாமல் இருந்தால், அந்த அடுத்தவர்கள் நாம்தான்.

தோற்றுவிட்டார் என்கிறாயே, அயோவா, நியூ ஹாம்ப்ஷயர், நெவாடா மூன்றும் சேர்ந்து, கட்சி மாநாட்டில் வேட்பாளரை முடிவு செய்யும் பிரதிநிதிகள் 101 பேர்தான், மொத்தம் 3,979. மார்ச் 3ஆம் தேதி ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்கு முடிவாகிறது. நீ ஓட்டுப் போடும் கலிபோர்னியாவுக்கு மட்டும் 415. அதில் பதினைந்து சதவீதத்தைத் தொடாதவருக்குப் பிரதிநிதி கிடையாது. இந்தக் கணக்கு மாநிலத்துக்குத் தனி, ஒவ்வொரு காங்கிரஸ் தொகுதிக்கும் தனி. அதாவது முன்னணியில் இருப்பவருக்கு உன் ஓட்டு கூடுதலாக ஒன்று. அந்தக் கோட்டருகே நிற்கிறவருக்கோ, உள்ளேயா வெளியேயா என்பதையே அது முடிவு செய்யலாம். இது குணத்தைப் பற்றிய வாதம் இல்லை, வெறும் கணக்குதான்; ஆனால் கணக்கு உனக்குப் பிடிக்குமே.

கடைசியாக ஒன்று, நீ யாருக்குப் போட்டாலும் இது வேண்டும். பதிவு செய்தபோது கட்சி எதுவும் வேண்டாம் என்று குறித்ததாகச் சொன்னாய். உனக்கு வந்த தபால் ஓட்டு உறையைப் பிரித்தாயா? பிரித்துப் பார், அதில் அதிபர் வேட்பாளர் பெயர்களே இருக்காது, வாரனும் இல்லை, பெர்னியும் இல்லை. கட்சி குறிக்காதவர்கள் ஜனநாயகக் கட்சிச் சீட்டு வேண்டும் என்று தனியாகக் கேட்டு வாங்கவேண்டும். தபாலில் கேட்டு வரவழைக்க இனி நேரம் போதாது. அந்தச் சீட்டில் எதுவும் குறிக்காமல் அப்படியே எடுத்துக்கொண்டு சான் ஹோசேயில் உன் வீட்டுக்கு அருகில் உள்ள வாக்கு மையத்துக்குப் போ, மாற்றிக் கொடுப்பார்கள். இந்த வாரமே போ. மூன்றாம் தேதி வரிசை நீளமாக இருக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்து தபாலில் அனுப்புவதானால் உறையின் மேல் கையெழுத்துப் போட மறக்காதே. தபால் தலை ஒட்டவேண்டியதில்லை.

எனக்கும் அப்பாவுக்கும் இங்கே நாளை முதல் முன்கூட்டிய வாக்குப்பதிவு. அப்பா இன்னும் யாருக்கு என்று சொல்லவில்லை. அவருக்கும் ஒரு கடிதம் எழுத வேண்டியிருக்கும்.

அன்புடன்,
அம்மா