பிலிமோடு நிறுத்திவிடாதீர்கள்

கொங்கு மண்டலத்து ஸ்கேன் மைய உரிமையாளர்களுக்கும் கதிரியக்க மருத்துவர்களுக்கும் வணக்கம்.

கோவையில் பம்பு வடிவமைக்கும் பொறியாளன் நான். பம்புக்குள் சுழலும் சக்கரமான இம்பெல்லருக்குள் தண்ணீர் சுழலும் விதத்தைக் கணினியில் கணக்கிட்டுப் பார்ப்பது என் தொழில். அனியூரிசம் என்னும் மூளை இரத்தக்குழாய்ப் புடைப்புக்குள் இரத்தம் சுழலும் விதத்தைக் கணக்கிடவும் திரவ ஓட்டத்தை விவரிக்கும் அதே நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாடுகள்தான்.

கோபியில் இருக்கும் என் அக்காவுக்குத் தலைவலி என்று சி.டி. ஆஞ்சியோ என்னும் இரத்தக்குழாய் ஸ்கேன் எடுத்தபோது புடைப்பு தெரிந்தது. பிலிமும் குறுந்தகடும் கொடுத்தார்கள். குறுந்தகட்டில் இருந்தவை பொறுக்கியெடுத்த சில ஜேபெக் படங்கள் மட்டுமே. கோவை அறுவை மருத்துவர் மெல்லிய ஸ்லைஸ்கள், அதாவது தலையை அடுக்கடுக்காகக் காட்டும் குறுக்குவெட்டுப் படங்கள், முழுவதையும் கேட்டார். மையத்தில் விசாரித்தால், அழித்துவிட்டார்களாம். அக்காவுக்கு மறுபடியும் ஊசி, மறுபடியும் இரத்தக்குழாய் படத்தில் தெரிவதற்கான அயோடின் மருந்து, மறுபடியும் கதிர்வீச்சு. அந்த மருந்தை வெளியேற்ற வேண்டிய அவருடைய சிறுநீரகம் சர்க்கரை நோயால் ஏற்கெனவே தளர்ந்திருக்கிறது. எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

பெரியவர்களில் நூற்றுக்கு மூன்று பேருக்கு இத்தகைய புடைப்பு இருக்கலாம் என்பது மருத்துவ மதிப்பீடு. பெரும்பாலானவை வெடிப்பதில்லை, வெடித்தால் உயிருக்கே ஆபத்து. காயில் என்னும் மெல்லிய கம்பிச்சுருளைப் புடைப்புக்குள் வைத்து அடைப்பதிலும், மண்டையைத் திறந்து கிளிப் போடுவதிலும் ஆபத்து உண்டு. அதனால் 'இப்போதே சிகிச்சையா, கண்காணித்தால் போதுமா' என்ற கேள்விக்குப் புடைப்பின் அளவு, இடம், வடிவம், இரத்த அழுத்தம், புகைப்பழக்கம், குடும்ப வரலாறு எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். புடைப்பின் சுவரை இரத்தம் உரசும் விசையையும் ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். உரசல் குறைந்த இடம் பலவீனமாகிறதா, கூடிய இடமா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. அந்தக் கணக்கை மட்டும் நம்பி யாரும் கத்தியை எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது.

ஆனால் மருத்துவர் கண்ணால் பார்த்து அளப்பதற்கும் சரி, கணினி கணக்கிடுவதற்கும் சரி, மூலத் தரவு வேண்டும். மூன்று மில்லிமீட்டர் புடைப்பு ஐந்து மில்லிமீட்டர் தடிமனுள்ள ஸ்லைஸில் மங்கிப்போகும். புடைப்பு இரத்தக்குழாயோடு சேரும் கழுத்தைச் சற்று அகலமாக வரைந்துவிட்டால் உள்ளே பாயும் இரத்தத்தின் கணக்கே மாறிவிடும். ஜேபெக் படத்திலிருந்து அந்தக் கழுத்தை யாராலும் மீட்க முடியாது.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். ஆஞ்சியோ எடுக்கும் ஒவ்வொருவருக்கும், அவர் கேட்காவிட்டாலும், ஒரு மில்லிமீட்டருக்குக் குறைந்த ஸ்லைஸ்கள் முழுவதையும் டைகாம் என்னும் மருத்துவப் படக் கோப்பு வடிவில் கொடுங்கள். ஒரு பென் டிரைவ் போதும். உங்கள் கணினியிலிருந்து அழிப்பதற்கு முன் நோயாளிக்குப் போன் செய்து சொல்லுங்கள். ஈரோட்டிலோ தாராபுரத்திலோ எடுத்த ஸ்கேனைக் கோவை மருத்துவர் அப்படியே திறந்து பார்க்க முடிய வேண்டும்.

இப்படிக்கு,
கோவைப் பொறியாளன் ஒருவன்