ஒருநாள் ஊசி முகாம் போதும், கிழமைக்கு ஒரு கிளினிக் தாங்கோ

வடக்கில சுகாதாரத்துக்குப் பொறுப்பா இருக்கிற ஐயாமார், அம்மாமாருக்கு வணக்கம்.

எங்கட பொதுநோக்கு மண்டபத்தில நடந்த இலவச அக்குபஞ்சர் முகாமைப் பற்றி நான் புதுசாச் சொல்லத் தேவையில்லை, உங்கட ஆக்களும் மேடையில இருந்து பொன்னாடை வாங்கினவைதானே. ஊசி குத்தினவர் எங்க படிச்சவர், எங்க பதிஞ்சவர் எண்டு இண்டைவரைக்கும் எங்களுக்குத் தெரியாது. போகேக்க சீனி வருத்தக்காரருக்கு "இனிக் குளுசையை விடுங்கோ" எண்டும் சொல்லிப்போட்டுப் போனவர். ஒழுங்கா இந்த வைத்தியம் படிச்ச ஆரும் அப்பிடிச் சொல்லமாட்டினம்.

நான் அக்குபஞ்சர் பொய் எண்டு சொல்ல வரேல்ல. எங்களுக்கு அது வேணும், அதுக்குத்தான் எழுதுறன்.

அது மருந்து ஏத்துற ஊசி இல்லை, கால் மில்லிமீற்றர் தடிப்பு வாற மெல்லிய கம்பி. சீன வைத்தியத்தில உயிர்ச்சக்தி ஓடுற பாதையள் எண்டு சொல்லி உடம்பில 361 புள்ளி குறிச்சு வைச்சிருக்கினம். அந்தப் பாதையை ஆரும் உடம்புக்குள்ள கண்டதில்லை, அது வேற கதை. ஆனா ஊசி நரம்பைத் தூண்ட, அந்தச் சேதி முள்ளந்தண்டாலயும் மூளையாலயும் போய், உடம்பு தானே நோவடக்குற என்டோர்பினை விடுது எண்டதுக்கு ஆதாரம் இருக்கு. 1970களிலயே அபின் வகை மருந்தையும் என்டோர்பினையும் மறிக்கிற நலொக்சோனைக் குடுத்துப் பாத்தவை, ஊசியால வந்த சுகம் குறைஞ்சு போச்சு. 2018இல 20,000 பேருக்கு மேல வாற ஆய்வுத் தரவுகளை ஒண்டாச் சேர்த்துப் பாத்ததில, நாள்பட்ட நாரி நோ, முழங்கால் தேய்வு, தலையிடிக்குப் பலன் இருக்கு, ஆனா சும்மா பேருக்குக் குத்தினதைவிட வித்தியாசம் சின்னன் எண்டு வந்தது. அதிசயம் இல்லைத்தான், ஆனா பெனடோலோட காலம் தள்ளுற சனத்துக்கு அந்தச் சின்னனும் பெரிசு.

இன்னொண்டு, இது ஒருநாளில முடியிற வைத்தியம் இல்லை. இங்கிலாந்தில அடிக்கடி வாற தலையிடிக்கு 5 தொடக்கம் 8 கிழமைக்குள்ள 10 தரம் வரைக்கும் குத்தலாம் எண்டு வழிகாட்டல் இருக்கு. அப்ப ஒருநாள் வந்து வரிசையில இருத்திக் குத்திப்போட்டுப் போறதுக்கு என்ன பேர் ஐயா?

என்ர சின்னம்மாவுக்கு இடுப்பில செல் வெடிச்சுப் பட்ட பீஸ் கிடக்கு, எடுத்தா ஆபத்தெண்டு விட்டிட்டினம். களை பிடுங்கக் குனிஞ்சா நிமிர ஏலாது, கோயிலில எல்லாரும் நிலத்தில இருக்க அவ தூணைப் பிடிச்சுக்கொண்டு நிப்பா. யாழ்ப்பாணத்தில ஒருத்தரிட்ட ஊசி குத்தி நல்ல சுகம் கண்டவ, ஆனா துணுக்காய்ப் பக்கத்தில இருந்து விடியக் கருக்கலில வெளிக்கிட்டு, மாங்குளத்தில பஸ் மாறி, இருக்க இடம் கிடைக்காமக் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டு, திரும்பவும் அப்பிடியே வந்து இறங்கேக்க நாரி முதலைவிட மோசம். நோவுக்கு வைத்தியம் எடுக்கப் போய் நோவைக் கூட்டிக்கொண்டு வாறா. இப்ப போறதை விட்டிட்டா. இப்பிடி பீஸோட, இல்லாத காலோட, இஞ்ச எத்தினை பேர் எண்டு உங்கட பதிவேட்டிலயே இருக்கும்.

கொழும்பில களுபோவில அரசாங்க ஆஸ்பத்திரியிலயே வைத்தியர் அன்டன் ஜயசூரிய அக்குபஞ்சர் கிளினிக் நடத்தி வெளிநாட்டுக்காரருக்கும் படிப்பிச்சவர். நாட்டுக்குப் பழசு, வன்னிக்குத்தான் இன்னும் வந்து சேரேல்ல. எங்களுக்கு எல்லாமே ஒருநாளைக்குத்தான் வரும், கண் பாக்கிறதும் பல்லுப் பாக்கிறதும் பனரோட வந்து, படம் எடுத்து, பின்னேரத்துக்குள்ள வாகனம் ஏத்திக்கொண்டு போயிடும். படத்தில நாங்கள் சிரிச்சுக்கொண்டுதான் நிப்பம், கவலைப்படாதேங்கோ.

சரி, கோவத்தில எங்கயோ போயிட்டன், மன்னியுங்கோ. தயவுசெய்து கேக்கிறது இதுதான்: பதிஞ்ச, பயிற்சி எடுத்த வைத்தியர் ஒராள், கிழமைக்கு ஒருநாள், மாங்குளத்திலயோ மல்லாவியிலயோ ஒரு அறையில. ஆளுக்குப் புதுப் பொதி உடைச்ச ஊசி, பாவிச்சு முடிய எறிய ஒழுங்கான பெட்டி, ஏனெண்டா ஊசி மாறினா ஈரல் அழற்சி தொத்தும், நெஞ்சில பிழையாக் குத்தினா நுரையீரலும் ஓட்டையாகும். ரத்தம் உறையாம இருக்கக் குளுசை போடுற ஆக்களை முதலே விசாரிக்கவும் வேணும். இனி முகாமுக்கு அனுமதி குடுக்க முதல் வாறவற்ற பதிவையும் ஒருக்காப் பாருங்கோ.

கட்டில், கதிரை எல்லாம் ஊர்ச் சங்கங்கள் சேர்ந்து தரும், கதைச்சிட்டம். எந்தக் கிழமை எண்டு மட்டும் அறியத் தாங்கோ.