அம்மாவின் கண்ணைக் காத்துத் தந்தவர்களுக்கு

எழுத வேண்டும், எழுத வேண்டும் என்றே ஒரு மாதம் ஓடிவிட்டது. போன கிழமை கிளினிக்கில் அம்மா எழுத்துப் பலகையின் நான்காவது வரி வரை வாசித்தார். இனியும் பிந்தினால் சரியில்லை.

கண் காய்கிறது என்று வாங்கிய சாதாரண சொட்டு மருந்துதான். ஐந்தாம் நாள் கண் சிவந்தது. மறுநாள் கருவிழியில் வெள்ளைப் பொட்டு. சொட்டு விட்டது நான். போத்தல் முனை இமையில் பட்டதோ, கையை ஒழுங்காகக் கழுவவில்லையோ என்று எனக்கு நித்திரையே இல்லை.

டொக்டர், "போத்தலையும் கொண்டு வாங்கோ" என்றீர்கள். நானோ அதைக் குப்பை வாளியில் போட்டிருந்தேன். தேயிலைச் சக்கையைத் துடைத்துக் கொண்டுவந்து நீட்டியதும் உங்கள் முகம் போன போக்கு! "வாங்கினது ஒன்றுதானோ?" என்று கேட்டீர்களே, அந்தக் கேள்விக்குத்தான் பெரிய நன்றி. இன்னொன்று சீல் உடைக்காமல் பிரிட்ஜ் கதவில், ஊறுகாய்ப் போத்தலுக்குப் பக்கத்தில் இருந்தது.

கருவிழியைச் சுரண்டி எடுத்ததில் சூடோமோனாஸ் கிருமி. சீல் உடைக்காத போத்தலிலும் அதே கிருமி; பிழை என் கையில் இல்லை. அன்றுதான் நான் நித்திரை கொண்டேன். ஈரத்தில் வளரும் இந்தக் கிருமி ஓரிரு நாளிலேயே கருவிழியைக் கரைத்துவிடுமாம். 2023இல் அமெரிக்காவில் இதே மாதிரிச் சொட்டு மருந்தால் 81 பேருக்குத் தொற்று வந்து, 14 பேருக்குப் பார்வை போய், 4 பேர் இறந்தே போனார்கள். அம்மாவின் சொட்டு மருந்தைச் செய்த கம்பனியின் பெயரை இங்கே எழுதவில்லை. கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது.

வார்ட்டில் இரவிரவாக மணிக்கொரு தரம் மருந்து விட்ட சிங்கள மிஸ், உங்களுக்குத் தெரிந்த தமிழ் "அம்மா, மேலே பாருங்க" மட்டும்தான். அம்மா வீட்டில் இப்போதும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்.

பார்மசி அண்ணை, மிச்சப் போத்தல்களைப் பையில் கட்டி "விற்க வேண்டாம்" என்று எழுதி வைத்துவிட்டு, தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபைக்கும் அறிவித்தீர்கள். பிறகு பில் புத்தகத்தைப் புரட்டி, அதே பட்ச் (ஒன்றாகத் தயாரித்த தொகுதி) மருந்தை வாங்கிய ஏழு பேருக்கும் கோல் எடுத்தீர்கள். நட்டம் உங்களுக்கு, கண் அவர்களுக்கு மிஞ்சியது.

பக்கத்து வீட்டு அன்ரி, உங்கள் டிபன் கரியர் இன்னும் எங்களிடம்தான். ஞாயிற்றுக்கிழமை கொண்டு வருகிறேன், வெறுமையாக அல்ல.

வெள்ளவத்தையிலிருந்து,
ஒரு மகள்